ரெஃபியூஜியத்துக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள்

யாழ்ப்பாணத்தில் கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிற தம்பி தங்கைகள் இப்போது கூடியிருக்கிறார்கள். பார்க்க உண்மையிலேயே சந்தோசமாக இருக்கிறது. ஆனால் கதைக்கிற எல்லோரும் தொட்டி எத்தனை அடி, லைட் எத்தனை வாட், என்ன மீன் விடலாம் என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் ரெஃபியூஜியம் என்று தொடங்கினால், "அதைப் பிறகு பார்ப்பம் அண்ணை" என்கிறார்கள். பிறகு பார்க்க அது பூச்சட்டி வைக்கிற விசயமில்லை. கண்ணாடி வெட்டக் கொடுக்க முதலே தீர்மானிக்க வேண்டியது. எங்கள் ஊர்ச் சூட்டுக்கும் தண்ணீருக்கும் கரண்டுக்கும் அதுதான் தொட்டியின் பாதி என்பது என் உறுதியான கருத்து.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரெஃபியூஜியம் என்பது பெரிய தொட்டியின் தண்ணீரே வந்து போகிற, ஆனால் மீன் நுழைய முடியாத தனி அறை. பெரும்பாலும் பெரிய தொட்டிக்குக் கீழே வைக்கிற சம்ப் என்ற துணைத் தொட்டியிலேயே ஒரு தடுப்புப் போட்டுச் செய்வார்கள். அதில் கடற்பாசி வளரும். பாசிக்குள்ளே கொபிபொட், அம்பிபொட் என்ற பொடி உயிர்கள் பெருகும். மீன் தின்று கழிப்பது கடைசியில் நைத்திரேற்றாகவும் பொஸ்பேற்றாகவும் தண்ணீரில் நிற்கிறது. பாசி அதை உறிஞ்சித் தன் உடம்பாக்குகிறது. பாசியைப் பிடுங்கி எடுத்தால் கழிவும் சேர்ந்து வெளியே போய்விடும். எங்கள் நீரேரி செய்கிற வேலையும் இதுதான். பண்ணைப் பாலத்தால் போகும்போது இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் பெரிய மீனின் வாய்க்குத் தப்பி வளர்வது நீரேரியின் கடற்புல்லுக்குள்ளும் கண்டல் வேர்களுக்குள்ளும்தான்.

இனித் தண்ணீர். எங்கள் நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல். தோட்டத்துக்குப் போடுகிற உரம் தடையில்லாமல் கீழே இறங்கிவிடுகிறது. குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டி இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பவளத் தொட்டிக்கு எனக்குப் பிடித்த அளவு 5 முதல் 10 வரை. சித்திரை வைகாசி வெயிலில் தொட்டித் தண்ணீர் நாளுக்குச் சில லீற்றர் ஆவியாகும். உப்பு போகாது, தண்ணீர் மட்டும் போகும். அந்தக் குறையை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் ஒவ்வொரு நாளும் நைத்திரேற்றையும் சேர்த்து ஊற்றுகிறோம். அது ஆவியாவதில்லை, ஏறிக்கொண்டே போகும். ரெஃபியூஜியம் வைத்தும் நைத்திரேற்று இறங்கவில்லை என்று குறைப்படுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றுதான். பாவம், அந்தப் பாசி மீன் கழிவை விட்டுவிட்டுத் தோட்டத்து உரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். கரைந்திருப்பதை வடிகட்டி நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர் எடுங்கள், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கிற டிடிஎஸ் மீற்றர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடல்நீரையே அள்ளி வருகிறவர்கள் இடம் பார்த்து அள்ள வேண்டும். கீரிமலைப் பக்கம் நிலத்தடி நன்னீர் கடலோரத்திலேயே ஊறி வருகிறது. நீரேரித் தண்ணீர் மாரி மழைக்கு உப்புக் குறைந்துவிடும். திறந்த கடலில், மழை விட்டுக் கொஞ்ச நாள் கழித்து எடுப்பதே நல்லது.

அடுத்தது கரண்ட். 2022 பங்குனிக் கடைசியில் 13 மணி நேர வெட்டு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பம்ப் நின்றவுடன் மேல் தொட்டித் தண்ணீர் வடிகிற மட்டம் வரைக்கும் கீழே இறங்கும். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலத் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினாலே ஏறத்தாழ 14 லீற்றர். தண்ணீரை மேலே அனுப்புகிற குழாயின் வாய் ஆழத்தில் இருந்தால் அது திருப்பி உறிஞ்சி இன்னும் இரண்டு அங்குலத்தை இறக்கிவிடும். மொத்தம் 40 லீற்றருக்கு மேல். சம்பில் பாதியை ரெஃபியூஜியத்துக்கு நிரப்பி வைத்தால் இந்தத் தண்ணீர் எங்கே போகும்? வீட்டுத் தரைக்குத்தான். அதனால் சம்பின் அளவைக் கணக்கிடும்போது ரெஃபியூஜியத்தின் கொள்ளளவு வேறு, இந்த வெற்றிடம் வேறு என்று தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். உப்புப் போட முதல் வெறும் தண்ணீரை ஓடவிட்டு, பம்பை நிறுத்தி, எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். பற்றறியில் ஓடுகிற காற்றுப் பம்ப் ஒன்று அவசியம். அதன் ஒரு குழாய் ரெஃபியூஜியத்துக்கும் போகட்டும். இருட்டில் பாசியும் ஒட்சிசனைத்தான் எடுக்கும்.

அளவு என்று கேட்டால், பெரிய தொட்டியின் ஐந்தில் ஒரு பங்காவது. 200 லீற்றருக்கு 40 லீற்றர். இடமிருந்தால் இன்னும் கூட்டுங்கள், இதில் அதிகம் என்று ஒன்றில்லை. அலுமாரிக்குள் மூடிவைத்தால் சூடு ஏறும், ஆகவே பின்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். தண்ணீருக்கு மேலே ஒரு சின்ன விசிறி காற்றடித்தால் இரண்டு மூன்று பாகை குறையும்.

பாசியில் என் தெரிவு கீட்டோமோர்ஃபா. நைலோன் நூலைச் சிக்கெடுக்காமல் பந்தாக்கியது மாதிரி இருக்கும், வேர் விடாது. கோலெர்ப்பா என்ற இன்னொரு பாசியும் அழகுதான். ஆனால் ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் இனப்பெருக்கத்துக்கு மாறி, உள்ளே இருப்பதையெல்லாம் ஒரே இரவில் தண்ணீரில் கொட்டிவிடும். விடிய எழும்பிப் பார்த்தால் தொட்டி பால்பச்சையாக நிற்கும்.

ரெஃபியூஜியத்தின் லைட்டை இரவில் போடுங்கள். மேல் தொட்டி இருட்டாகும்போது எல்லா உயிரும் காபனீரொட்சைட்டை வெளிவிடுவதால், தண்ணீரின் அமில கார அளவான பிஎச் இறங்கும். அந்த நேரம் கீழே பாசி விழித்திருந்து அதை எடுத்துக்கொண்டால் இறக்கம் குறையும். ஆழமான மணல் படுக்கையை நான் பரிந்துரைப்பதில்லை. நீண்ட மின்வெட்டில் அது கெட்டால் அழுகல் முட்டை நாற்றம்தான் மிஞ்சும். கொஞ்சம் கல்லும் பாசியும் போதும். கல்லுக்காகக் கடலில் பவளத்தை உடைக்க வேண்டாம், அது சட்டப்படி குற்றம். ஏற்கெனவே ஓடுகிற ஒரு தொட்டியிலிருந்து கேட்டு வாங்குங்கள்.

மாண்டரின் மீன் வாங்க ஆசைப்படுகிறவர்களிடம் ஒரு கெஞ்சல். அது நாள் முழுக்கக் கொபிபொட் பொறுக்கித் தின்கிற மீன். கடைத் தீனியைப் பெரும்பாலும் தொடாது. ரெஃபியூஜியம் ஓடிப் பல மாதமாகி, இரவில் ரோர்ச் அடித்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகள் ஊர்ந்து விட்டுவிட்டுத் துள்ளுவது தெரிகிற நிலைக்கு வந்த பிறகு வாங்குங்கள். அதற்கு முதல் வாங்கினால் அந்த வடிவான மீன் உங்கள் கண்முன்னே பட்டினியில் மெலிந்து சாகும்.

பாசி நிறைந்ததும் மூன்றில் ஒரு பங்கைப் பிடுங்குங்கள். நல்ல தண்ணீரில் அலசித் தென்னைக்கடியில் போடலாம். தீவுப்பக்கம் கடற்சாதாளையைப் பசளையாகப் போட்ட ஆட்கள்தானே நாங்கள். ஆனால் கடலிலோ நீரேரியிலோ ஒரு துண்டுகூட எறியக் கூடாது. 1984 இல் மொனாக்கோக் கரையில் ஒரு சிறு திட்டாகக் கண்ட மீன்தொட்டிக் கோலெர்ப்பா, பிறகு மத்தியதரைக் கடலில் எவ்வளவு தூரம் பரவியது! பக்கத்தில் மன்னார் வளைகுடாவிலும், வளர்ப்புக்குக் கொண்டுவந்த கப்பாபைக்கஸ் என்ற கடற்பாசி குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தை மூடியது.

கீட்டோமோர்ஃபாவைத் தேடி அலைய வேண்டாம். தொட்டி ஓடத் தொடங்கி, சோதனையில் நைத்திரேற்று காட்டத் தொடங்கியதும் உள்பெட்டியில் சொல்லுங்கள். அதற்கு முதல் போட்டால் தின்ன ஒன்றுமில்லாமல் வெளிறிப் போகும். வாளியோடு வாருங்கள், ஒரு கைப்பிடி தருகிறேன்.