ஷட்டரை இறக்கிய பிறகு நடக்கும் கிளினிக்

சிறுநகரம் ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாகக் குடும்ப மருத்துவராக இருக்கும் எனக்கு, வேலைப்பளு என்றதும் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் கூட்டம் நினைவுக்கு வருவதில்லை. இரவு ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வந்து சாப்பிட உட்காரும்போது வாட்ஸ்அப்பில் குவியும் செய்திகள்தான் வருகின்றன. மங்கலாக எடுத்த ரிப்போர்ட்டின் படம், குழந்தையின் முதுகில் தடிப்பு, "அதே மாத்திரையைத் தொடரலாமா டாக்டர்?" என்ற கேள்வி. கேட்பவருக்கு இது அரை நிமிட வேலை. எனக்கோ, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அவருக்குச் சென்ற முறை எவ்வளவு இருந்தது என்று தெரியாமல், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைத் தொடரச் சொல்ல முடியாது. அந்தக் குறிப்பு கிளினிக் அலமாரியில் இருக்கிறது.

நீண்ட காலம் இதை நோயாளிகளின் தொந்தரவு என்றே நினைத்திருந்தேன். பிறகுதான் புரிந்தது: மாலையில் நான் அவசரமாக அனுப்பிவைத்தவர்களே இரவில் செய்தியாகத் திரும்பி வருகிறார்கள். 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் பிஎம்ஜே ஓப்பன் இதழில் வெளியான ஆய்வின்படி, முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 நொடி, ஸ்வீடனில் 22.5 நிமிடம். என் மாலை நேரக் கிளினிக் இதில் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகளைக் காலை நேரத்துக்கு மாற்றி, ஆளுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கினேன். மாலை டோக்கன் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மட்டும். பக்கத்துத் தெரு மருத்துவரும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்கிறோம். அவரிடம் போன என் நோயாளிகளில் சிலர் திரும்பி வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். செய்திகளுக்குப் பிற்பகல் இரண்டிலிருந்து மூன்று மணிக்குள், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் எனக்காகக் காத்திருக்காமல் 108ஐ அழைக்கும்படி சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். "டாக்டருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது" என்று ஊரில் பேச்சு வந்தது. இரவுச் செய்திகள் பெருமளவு குறைந்தன.

தீராதது கட்டணம்தான். தொலைமருத்துவத்துக்காக 2020 மார்ச்சில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள், தொலைபேசியில் சொல்லும் ஆலோசனைக்கும் பதிவேடு வைக்க வேண்டும், உரிய கட்டணம் வாங்கலாம் என்கின்றன. பதிவேடு வைக்கப் பழகிவிட்டேன். ஆனால் தாத்தா காலத்திலிருந்து வரும் குடும்பத்திடம், வாட்ஸ்அப்பில் பார்த்த ரிப்போர்ட்டுக்குப் பணம் கேட்க எனக்கு இன்னும் வாய் வருவதில்லை, கம்பவுண்டர்தான் கேட்கிறார்.