ஐந்து ஷில்லிங்

இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். சேர்ந்த புதிதில், மறதி நோய் வந்த ஒரு பாட்டி சாயங்காலமானால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை ஒர்க்ஹவுசிலா கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்?" என்று கேட்பார். எனக்கு அந்தச் சொல்லே புதிது. "இல்லை பாட்டி, இங்கே நீங்கள் வேலையெல்லாம் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவைத்தேன். என்ன ஒரு பதில்! அவருடைய பாட்டி ஒர்க்ஹவுசில்தான் இறந்தார் என்று மகள் சொன்ன பிறகே தேடிப் படித்தேன். ஏழைகளைத் தங்கவைத்து, வேலை வாங்கிக்கொண்டு சோறு போட்ட விடுதி அது.

1834ஆம் ஆண்டு ஏழைகள் சட்டத்தின்படி, கதியற்றவர்கள் உதவி வேண்டுமென்றால் ஒர்க்ஹவுசுக்குள் போக வேண்டும். வெளியே ஆகக் கடைசிக் கூலியாள் வாழ்வதைவிட உள்ளே வாழ்வு மோசமாக இருக்க வேண்டும் என்பதுதான் கொள்கையே. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். 1930இல் இவற்றுக்குப் 'பொது உதவி நிலையம்' என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறினால் பயம் போய்விடுமா? ஸ்டான்லி மருத்துவமனையை இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிற வடசென்னைக்காரர்களைக் கேளுங்கள்.

1948 ஜூலை 5 அன்று, தேசிய சுகாதாரச் சேவை தொடங்கிய அதே நாளில், தேசிய உதவிச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. பழைய ஏழைகள் சட்டம் ஒழிந்தது. முதுமையால் கவனிப்பு தேவைப்படுகிறவர்களுக்கு இருப்பிடம் தருவது உள்ளாட்சிகளின் கடமையானது. அமைச்சர் அனூரின் பெவன் மனத்தில் இருந்தது, இருபத்தைந்து முப்பது பேர் தங்கும் ஓட்டல் போன்ற இல்லம். வசதியுள்ளவர்கள் முதுமையில் ஓட்டலில் தங்குவதில்லையா, அப்படி.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பணக் கணக்கு. அப்போது தனி ஆளுக்கு வார ஓய்வூதியம் 26 ஷில்லிங். இல்லத்துக்கு 21 கட்ட வேண்டும், மீதி 5 கைச்செலவுக்கு. 'இலவசமாகவே வைத்துக்கொண்டிருக்கலாமே' என்று தோன்றும். கூடாது! காசு கொடுத்துத் தங்குகிறவருக்கும் தருமத்தில் தங்குகிறவருக்கும் சாப்பாட்டுத் தட்டை நீட்டுவதிலேயே வித்தியாசம் இருக்கும்.

சரி, நடந்தது என்ன? போர் முடிந்த நேரம். இரும்பும் மரமும் தட்டுப்பாடு. இருந்ததெல்லாம் குடும்பங்களுக்கு வீடு கட்டப் போயிற்று. உள்ளாட்சிகள் பழைய மாளிகைகளை வாங்கி இல்லமாக்கின. ஒர்க்ஹவுஸ் கட்டடங்களையும் விடவில்லை. பத்து வருஷம் கழித்துப் பீட்டர் டவுன்சென்ட் என்ற சமூகவியலாளர் இங்கிலாந்திலும் வேல்சிலுமாக 173 இல்லங்களை நேரில் பார்த்தார். ஓரிடத்தில் குளிப்பாட்டும் ஊழியராகவே வேலை செய்தார். 1962இல் அதைப் புத்தகமாக்கினார். உள்ளாட்சி இல்லங்களில் இருந்த முதியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அப்போதும் பழைய ஒர்க்ஹவுஸ் கட்டடங்களில்தான். வரிசையாகக் கட்டில்கள், சொந்தப் பொருளை வைக்க இடமில்லை, பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள்.

பணமில்லை, பொருளில்லை என்று அந்தக் காலத்துக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. கட்டடத்துக்கு அந்த வாதம் செல்லும். ஒருவர் எப்போது குளிக்க வேண்டும், எப்போது தேநீர் குடிக்க வேண்டும் என்பதை அவரிடமே கேட்பதற்கு இரும்பும் மரமும் எதற்கு? ஐந்து ஷில்லிங்கைக் கையில் கொடுத்துவிட்டு, அதைப் பூட்டிவைக்க ஒரு பெட்டி கொடுக்காமல் விட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்படிப்பட்ட இல்லங்களே வேண்டாம், சிறு வீடுகளில் வைத்து உதவியை வீட்டுக்கே அனுப்புங்கள் என்றார் டவுன்சென்ட். அதில் எனக்கு முழுச் சம்மதமில்லை. இரவு இரண்டு மணிக்குக் கதவைத் திறந்து தெருவில் இறங்கிவிடுகிறவரைத் தனி வீட்டில் எப்படி வைப்பது? இரவுப் பணி பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பாட்டியின் கைப்பையில் எப்போதும் சில்லறை இருக்கும். எங்கள் இல்லத்தில் காசு கொடுத்து வாங்க ஒன்றுமில்லை. ஒருநாள் தேநீர் கொடுத்தபோது ஒரு நாணயத்தை எடுத்துத் தட்டில் வைத்தார். திருப்பிக் கொடுக்கப் போனேன். கூட நின்ற யாழ்ப்பாணத்து அக்கா, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். தினமும் வாங்கிக்கொள்வோம். அவர் தூங்கியதும், மகளுக்குத் தெரிந்தே, அந்தக் காசைப் பைக்குள் போட்டுவிடுவோம். மறுநாள் அதே காசு தட்டுக்கு வரும். ஒர்க்ஹவுஸ் கேள்வி நிற்கவில்லை. தேநீர் நேரத்தில் மட்டும் கேட்கமாட்டார்.