பதினேழு வயதுக் காதலுக்கு நேரம் எங்கே இருக்கிறது?

திருகோணமலையில் நடப்பதாக எழுதப்படும் இளையோர் காதல் நாவல்கள் பல, ஐம்பதாம் பக்கத்துக்குள்ளேயே களைத்துவிடுகின்றன. எழுதுகிறவர்களுக்கு வசனம் நன்றாக வருகிறது, கடலைப் பற்றிய வர்ணனையும் வருகிறது. பல்கலைக்கழக நுழைவுக்கான உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு நாளில் எத்தனை நிமிடம் சொந்தமாகக் கிடைக்கும் என்ற கணக்கைத்தான் யாரும் பார்ப்பதில்லை. இந்த வகை நாவல் ஏமாற்றுவதற்கு முதல் காரணம் அதுதான் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடம் காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை. மூன்று பாடத்துக்கும் ரியூசன். அதற்குமேல் மீட்டல் வகுப்பு, பேப்பர் கிளாஸ். மைம்மலுக்கு முன்னர் பெண்பிள்ளை வீட்டுப் படலைக்குள் நிற்கவேண்டும். மிஞ்சுவது ஒரு வகுப்பு விட்டு அடுத்த வகுப்புக்குச் சைக்கிளில் போகிற பத்து நிமிடம். போட்டோகொப்பி கடையில் நோட்ஸ் அடிக்கக் காத்திருக்கிற ஐந்து நிமிடம். காதல் நடக்கவேண்டியது அங்கேதான். அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஒரு பேச்சைத் தொடங்கி, முடிக்க முடியாமல் விட்டால், வாசிக்கிற பிள்ளை அடுத்த அத்தியாயத்தைத் தானே புரட்டும். மாறாக, இருவரையும் உப்புவெளிக் கடற்கரையில் மூன்று மணித்தியாலம் தனியே இருத்தி வைத்தால், அவர்களுக்குச் சொல்வதற்கும் ஒன்றும் இல்லை, நமக்குப் பயப்படுவதற்கும் ஒன்றும் இல்லை. பின்னேரம் டச்சுக் குடாப் பக்கம் குடும்பம் குடும்பமாகச் சனம் வந்து இருக்கும். கோணேசர் கோயிலுக்கு, இன்றும் இராணுவம் இருக்கிற பிரட்றிக் கோட்டை வாசலால் நுழைந்துதான் ஏறவேண்டும். வெள்ளிக்கிழமை அங்கே தெரிந்த முகம் ஒன்றாவது எதிர்ப்படாமல் போகாது. இந்த ஊரில் ஒளிந்து சந்திப்பது கடினம். நாவலுக்கு வேண்டிய பதற்றத்தை அந்தக் கடினம் இலவசமாகத் தருகிறது. அதை எழுதாமல் விடுவது பெரிய நட்டம்.

அடுத்தது வானம். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சூரியன் கடலுக்குள் விழாது. அது கிழக்குக் கரை. அங்கே சூரியன் கடலிலிருந்து எழும்பும், பின்னேரம் நம் முதுகுக்குப் பின்னால் தரைப்பக்கம் சாயும். நீருக்கு மேல் அந்தி வேண்டுமென்றால் பாத்திரங்களை உள்துறைமுகப் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள். நிலாவுக்கும் கணக்கு உண்டு. போயா நாளில், அதாவது பௌர்ணமியில், சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி கடலுக்கு மேல் எழும், பிறகு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்தும். போயா கழித்து நாலாம் நாள், மாலை ஏழு மணிக்கு நிலவொளியில் கை பிடித்தார்கள் என்று எழுதினால் அது பிழை. நிலா வர ஒன்பது மணி தாண்டும். மழையும் அப்படித்தான். பெருமழை கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. ஆடி மாதம் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலாக அடிக்கும், உதடு வெடிக்கும். ஒரு குடைக்குள் இருவரை நனையவிட அது காலமில்லை. ஆனால் கச்சானில் சைக்கிள் மிதித்துக் களைத்து வருகிற ஒருத்திக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டுகிற காட்சியை நான் இன்னும் எந்த நாவலிலும் காணவில்லை. யாராவது எழுதுங்கள்.

வருடத்தையும் சரிபார்க்க வேண்டும். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 ஒக்டோபரில். அதற்கு முன்னர் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறித்தான் அக்கரைக்குப் போகவேண்டும். வாட்ஸ்அப் தொடங்கியதும் அதே 2009இல்தான். கதை 2006இல் நடக்கிறதென்றால் பாலமும் இல்லை, நீல நிறச் சரி அடையாளமும் இல்லை. இருப்பது பாதைக்கான காத்திருப்பும், வீட்டில் யாராவது எடுத்துவிடக்கூடிய தொலைபேசியும், சோதனைச் சாவடியும். காதலர்களைப் பிரித்துவைக்க இதைவிட என்ன வேண்டும்?

நடுப்பகுதி தொய்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். இருநூறு பக்க நாவலில் முப்பதாம் பக்கத்திலேயே இருவரும் மனதைச் சொல்லிவிடுகிறார்கள். மிச்சம் 170 பக்கத்தை நிரப்ப ஒரு சந்தேகம் கொண்டுவரப்படும்: அவன் இன்னொருத்தியோடு கதைத்ததை இவள் கண்டாள். ஒரு தடவை கேட்டால் தீர்கிற சந்தேகம் அது. கேட்கவிடாமல் எழுத்தாளரே பிடித்து வைத்திருக்கிறார் என்பது பதினாறு வயது வாசகிக்கும் தெரியும். அது ஐந்தாறு பக்கத்துக்கு மேல் தாங்காது. பிறகு விபத்து, ஆஸ்பத்திரி, கண்ணீர்.

தடை உண்மையாக இருக்கவேண்டும், இரண்டு பேரில் எவருடைய பிழையாகவும் இருக்கக்கூடாது. நம்மிடம் அப்படிப்பட்ட தடைகள் நிறைய உண்டு. பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கப் பார்க்கிற இசற் புள்ளி (Z-score) ஒன்று. ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருந்த இருவரில் ஒருவர் மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குப் போகிறார், மற்றவர் இரண்டாம் தரம் எழுதுகிறார். பெறுபேறு வந்த பிறகும் பல்கலைக்கழக வளாகம் தொடங்க மாதக்கணக்கில் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில் ஒருவர் வளர்கிறார், மற்றவர் ஒடுங்குகிறார். சமயம் இன்னொன்று. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிற மாவட்டம் இது. நாவலுக்குள் மட்டும் எல்லோரும் ஒரே தெருவார்களாகவே இருக்கிறார்கள். தொட அச்சம் இருப்பது விளங்குகிறது. ஆனால் தொடாத நாவல் பாதி ஊரை விட்டுவிட்டுத்தான் கதை சொல்கிறது.

கதாநாயகியைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அவள் எடுக்கிற முடிவுகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். முழு நாவலிலும் நாலைந்து தேறாவிட்டால், அவள் அவனுக்காக வைக்கப்பட்ட படம்தான். அவனுக்கும் ஒரு விதி: வகுப்பு வாசலில் தினமும் நின்று, வேண்டாம் என்றவளைப் பின்தொடர்கிறவனை ஆழமான காதலன் என்று எழுதாதீர்கள். அப்படிப் பின்தொடரப்படுகிற பெண்பிள்ளைகள்தான் அந்தப் புத்தகத்தை வாசிக்கிறார்கள். பதினேழு வயதில் பதிவுத் திருமணம் என்று முடிப்பதும் நடவாது. பொதுச் சட்டத்தில் அதற்கு 18 ஆகவேண்டும்.

கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையின் பிரான்சினா வான் றீட் கதையை முன்னுரையாக வைக்கிற பழக்கமும் இருக்கிறது. 1687இல், காதலனின் கப்பல் போவதைக் கண்டு அந்த டச்சுப் பெண் பாறையிலிருந்து குதித்தாள் என்பது ஐதீகம். ஆனால் அவள் அதற்குப் பிறகும் உயிரோடிருந்து மணம் முடித்ததாக ஆவணங்களைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இளையோருக்கு எழுதுகிறவர் எடுக்கவேண்டிய கதை இந்த இரண்டாவதுதான். கப்பல் போன மறுநாள் காலை அவள் என்ன செய்தாள்? அதற்கடுத்த மாதம்? பதினெட்டு வயதில் ஒருவன் விட்டுப்போனால் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதானே.

கடைசி அத்தியாயத்தில் ‘ஏழு வருடங்களுக்குப் பிறகு’ என்று தாவி, கல்யாண மண்டபத்தில் நிறுத்தாதீர்கள். கொழும்பு இரவு ரயில் நகரும்போது நிறுத்தலாம், பெறுபேறு வந்த இரவில் நிறுத்தலாம். அச்சுக்குக் கொடுக்க முன்னர் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரிடம் பிரதியைக் கொடுங்கள். நல்லாயிருக்கா என்று கேட்கவேண்டாம், மரியாதைக்கு ஓம் என்பார்கள். வாசிப்பதை எந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார்களோ, அந்த வரியில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மூன்று பேரின் கோடு ஒரே பக்கத்தில் விழுந்தால், அதற்கு முந்திய பத்துப் பக்கத்தையும் திருப்பி எழுதுங்கள்.