தவறு ஏன் எப்போதும் அவர்கள் பக்கமே விழுகிறது?

பில்லில் தவறு வருவது சகஜம் என்கிறார்கள் கடைக்காரர்கள். சரி, மனிதன் போட்டாலும் மெஷின் போட்டாலும் தவறு வரத்தான் செய்யும். ஆனால் அது தெரியாமல் நடந்த தவறு என்றால், சில நேரம் எனக்கும் லாபமாக வர வேண்டுமே? கூட்டிப் போட்ட பில் அடிக்கடி கைக்கு வருகிறது. குறைத்துப் போட்ட பில்லோ அத்திப் பூத்தாற்போலத்தான்.

வாஷிங் மெஷின் பழுது பார்த்த பில் ஒன்றைச் சொல்கிறேன். ஆய்வுக் கட்டணம், சர்வீஸ் கட்டணம், கையாளும் கட்டணம், எல்லாவற்றுக்கும் கீழே 'இதர'. வந்தவர் ஒரே ஆள், கையில் ஒரே ஸ்க்ரூ டிரைவர், பின்பக்க மூடியைக் கழற்றி மாட்டியது ஒரே தடவை. மூடியைத் திறந்து பார்த்தது ஆய்வாம், உள்ளே கையை விட்டது சர்வீஸாம். அப்புறம் கையாளுவது என்றால் எது? மெஷினைத் தொடாமலே பழுது பார்க்க ஒரு வழி இருக்கிறதா என்ன?

கவுண்டரில் கேட்டேன். "சிஸ்டமே அப்படித்தான் போடுது சார்." 'இதர' என்றால் என்ன? அவர் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அது எல்லாருக்கும் பொதுவா வர்றதுதான்" என்றார். எழுத்தில் கொடுங்கள், மேலாளரிடம் பேசிக்கொள்கிறேன் என்றதும் பட்டென்று வேறு பில் வந்தது. இதரவும் இல்லை, கையாளுவதும் இல்லை. சற்று முன்பு வரை அசைக்கவே முடியாத சிஸ்டம் எங்கே போயிற்று?

எனக்கு எரிவது இங்கேதான். நியாயமான கட்டணம் என்றால் ஏன் நீக்கினீர்கள்? நியாயமில்லை என்றால் ஏன் போட்டீர்கள்? கேட்பவனுக்கு ஒரு விலை, கேட்கக் கூச்சப்படுபவனுக்கு ஒரு விலை. நம் கூச்சத்தையே கணக்குப் போட்டுக் கடை நடத்துகிறார்கள்.

இதில் வரிசையில் பின்னால் நிற்பவர் வேறு "சின்னத் தொகைதானே, விட்டுத் தள்ளுங்க" என்று பெருந்தன்மை காட்டுகிறார். ஐயா, எனக்குச் சின்னத் தொகைதான். வருகிற ஒவ்வொருவரிடமும் அதே சின்னத் தொகையை வாங்கினால் அவர்களுக்கு அது சின்னத் தொகையா?

ஆன்லைனில் கவுண்டர் ஆள்கூடக் கிடையாது. முதல் பக்கத்தில் ஒரு விலை. பெயர், முகவரி எல்லாம் நிரப்பிப் பணம் கட்டப் போகும்போது வசதிக் கட்டணம், பிளாட்ஃபார்ம் கட்டணம் என்று ஏறிக்கொண்டே போகும். யாருடைய வசதிக்கு? நாம் கேட்காத காப்பீட்டுக்கு டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும். அதை எடுக்கப் போனால் 'வேண்டாம், என் பாதுகாப்பில் எனக்கு அக்கறையில்லை' என்கிற பட்டனை அழுத்த வேண்டுமாம். காசையும் கேட்டு, கொடுக்காதவனைத் திட்டவும் செய்கிறார்கள். சந்தாவில் சேர ஒரு கிளிக், வெளியே வரவோ ஏழு கடல் ஏழு மலை தாண்ட வேண்டும்.

இதெல்லாம் தெரியாத்தனமாக நடப்பது என்றால் அரசாங்கங்கள் சட்டம் போட வேண்டி வந்திருக்காது. முன்கூட்டியே டிக் போட்டு வாங்கிய கூடுதல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2011-இலேயே சட்டத்தில் எழுதிவிட்டது. இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. கேட்காததைக் கூடையில் நுழைப்பது, விலையைக் கடைசியில் ஏற்றுவது, சந்தாவில் சிக்கவைப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. பெயர் வைத்துத் தடுக்கும் அளவுக்கு ஊரறிந்த வித்தை இது!

அதற்காக நம் ஆட்களை விட்டுவிட முடியுமா? பில்லில் ஒரு பொருள் விட்டுப்போனால் வாயைத் திறக்காமல் நழுவிவிட்டு, அதைச் சாமர்த்தியம் என்று வெளியே சொல்லிப் பெருமைப்படுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு விசேஷத்துக்குப் போட்டுக் கசக்கிய சட்டையை 'அளவு சரியில்லை' என்று திருப்பிக் கொடுக்கிற கூட்டம் இன்னொன்று. கேட்டால், "அவன் மட்டும் யோக்கியமா?" அவன் யோக்கியன் இல்லைதான். ஆனால் நீ ஏமாற்றியது அவனையா? பல இடங்களில் கல்லாவில் குறைந்த பணத்தைப் பில் போட்டவர் சம்பளத்தில்தான் பிடிக்கிறார்கள். முதலாளி மேல் உள்ள கோபத்தை மாதச் சம்பளக்காரர் தலையில் இறக்கிவிட்டு இதில் நியாயம் வேறு பேசுகிறாய். விட்டுப்போனதை நான் எடுத்துச் சொன்னால் பில் போடுபவரே என்னை ஒரு மாதிரி பார்க்கிறார், அது தனிக் கொடுமை.

திருப்பித் தருகிற லட்சணத்தையும் பாருங்கள். என் கணக்கிலிருந்து பணத்தை எடுக்க ஒரு நொடி, அதுவும் ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில். அதே பணம் திரும்பி வர மட்டும் ஏழிலிருந்து பத்து வேலை நாட்கள் ஆகுமாம். போகும்போது லீவு இல்லாத பணத்துக்கு வரும்போது மட்டும் யார் லீவு கொடுத்தது?