கிழவியை எப்படி நடக்கவைப்பது

போன வாரம் கணினியில் வேறு எதையோ தேடும்போது ஒரு பழைய கோப்பு கண்ணில் பட்டது. சில வருடங்களுக்கு முன் ரஷ்ய நாட்டுப்புறக் கதைகள் சிலவற்றைக் குழந்தைகளுக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தேன். பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். எடிட்டர் போட்ட திருத்தங்கள் சிவப்பில் அப்படியே இருந்தன. கிழவி ‘வென்ட்’. கரடி ‘கேம்’. முயல் ‘ரேன்’. எல்லாரும் போகிறார்கள், வருகிறார்கள், ஓடுகிறார்கள். ஒருத்தருக்கும் முழங்கால் கிடையாது, இடுப்பு கிடையாது, உடம்பில் எடையே கிடையாது.

அன்றைக்கு வந்த கோபத்தில், “ரஷ்ய வினைகளுக்கு ஆங்கிலத்தில் சொல்லே இல்லை, அதனால்தான் இந்தக் கதி” என்று நண்பர்களிடம் புலம்பினேன். இப்போது பார்த்தால் அந்தப் புலம்பல் தப்பு. ஆங்கிலத்தில் சொல் கொட்டிக்கிடக்கிறது. வாத்து நடக்க ஒன்று, நொண்டி நடக்க ஒன்று, செருப்பைத் தேய்த்து நடக்க ஒன்று, எலி ஓட மூன்று. பிரச்சினை வேறு இடத்தில்.

ரஷ்ய மொழி கற்றவர்களிடம் இயக்க வினைகள் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். ‘இத்தீ’ என்றால் ஒரு திசையில் நடந்து போவது, ‘ஹதீத்’ என்றால் போய்வருவது அல்லது இங்குமங்கும் நடப்பது. வண்டியில் போனால் அதற்குத் தனி ஜோடி. பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் இப்படி 14 ஜோடி இருக்கும். சரி, அது மனப்பாடத்தில் கடந்துவிடக்கூடிய கஷ்டம்தான். மொழிபெயர்ப்பாளரைக் குப்புறத் தள்ளுவது இந்தப் பட்டியலுக்கு வெளியே கிடக்கும் வினைகள்.

‘கவிலியாத்’ என்று ஒன்று. ஆடி ஆடி, சாய்ந்து சாய்ந்து, காலை இழுத்து நடப்பது. இதன் தலையில் ஒரு முன்னொட்டு வைத்தால் போதும். ‘ப்ரி’ வைத்தால் அப்படி நடந்து வந்து சேர்ந்தார். ‘உ’ வைத்தால் போய்விட்டார். ‘ப்ரோ’ வைத்தால் நம்மைக் கடந்து போனார். ‘தோ’ வைத்தால் எப்படியோ பாடுபட்டு அந்த இடம் வரை போய்ச் சேர்ந்தார். கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் ஆங்கிலம் இதில் திணறுவதே இல்லை. ‘ஹாபிள்’ என்று எழுதிப் பின்னால் ஓவர், ஆஃப், பாஸ்ட் என்று ஒரு குட்டி வாலை ஒட்டினால் வேலை முடிந்தது. ‘ஸ்பேகல்’, அதாவது கடைக்கு ஓடிப்போய்ச் சட்டென்று திரும்பிவந்தான் என்பதற்குக்கூட பிரிட்டிஷ்காரர்களிடம் ‘பாப்ட் அவுட்’ இருக்கிறது. நம் ஊரில் “ஒரு எட்டு போயிட்டு வந்தேன்” என்கிறோமே, அதேதான்.

அப்புறம் எங்கே இடிக்கிறது? ‘செமெனீத்’ என்ற வினையில் இடிக்கிறது. என் கிழவி அதில்தான் நடக்கிறாள். சின்னச் சின்ன அடியாக, வேகவேகமாக நடப்பது. ரஷ்யனுக்கு வயதான பாட்டியும் செமெனீத், மேலதிகாரிக்குப் பின்னால் பவ்யமாக ஓடும் குமாஸ்தாவும் செமெனீத், சின்னக் குழந்தையும் செமெனீத். ஆங்கிலத்தில் ‘மின்ஸ்’ போடலாம் என்கிறது அகராதி (கறி கொத்துவது இல்லை, நடையிலும் ஒரு மின்ஸ் உண்டு). போட்டால் கிழவி யாருக்கோ ஒயிலாக நடந்து காட்டுகிறாள். ‘டாட்டில்’ போட்டால் ஒன்றரை வயதுக் குழந்தையாகிவிடுகிறாள். ‘பேட்டர்’ போட்டால் காலடிச் சத்தம் மட்டும் கேட்கிறது, கிழவியைக் காணோம். ஒவ்வொரு சொல்லும் ஏற்கனவே யாருக்கோ வாக்கப்பட்டுவிட்டது. தமிழில் இந்த வம்பே இல்லை. குழந்தையும் குடுகுடுவென்று ஓடும், கிழவியும் குடுகுடு கிழவிதான்.

எடிட்டர்கள் ‘வென்ட்’ பக்கம் ஒதுங்குவது இந்தப் பயத்தில்தான். தப்பான ஆளை உள்ளே விடுவதைவிட ஆளே இல்லாமல் இருப்பது மேல் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு ரஷ்ய வினை நடை, திசை, முடிந்ததா இல்லையா, சொல்பவருக்கு அந்த ஆள்மேல் கரிசனமா கிண்டலா என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகத் தூக்கி வருகிறது. எல்லாவற்றையும் இறக்கிவைக்க முடியாது, ஏதோ ஒன்றை விட்டுத்தான் ஆகவேண்டும். திசையை விடுங்கள், வாசகர் ஊகித்துக்கொள்வார். உடம்பை விடாதீர்கள். ‘கிளம்ஸிலி’ (தத்தக்கா பித்தக்கா என்று) என ஒரு அடைமொழியை ஒட்டிவிட்டு ஒப்பேற்றுவதும் வேண்டாம். அது கரடியைக் காட்டாது, கரடியைப் பற்றிப் புகார் சொல்லும்.

கரடி என்றதும் ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் செய்யுள் நாவல் ‘எவ்கேனி ஒனேகின்’ ஞாபகம் வருகிறது. 1828-ல் வெளிவந்த ஐந்தாம் அத்தியாயத்தில் நாயகி தத்யானா ஒரு கனவு காண்கிறாள். கரடி முனகிக்கொண்டே பின்னால் ‘வலீத்’. மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கும், கூட்டம் திமுதிமுவென்று வருவதற்கும், பனி கொட்டுவதற்கும் வரும் அதே வினை. அந்த உருவத்தின் மொத்தப் பாரமும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அடுத்த பத்தியில் புஷ்கின் என்ன செய்கிறார் தெரியுமா? வினையையே தூக்கிவிடுகிறார். தத்யானா காட்டுக்குள், கரடி அவள் பின்னால். அவ்வளவுதான். ஓடினாள் என்ற சொல் இல்லாததால்தான் ஓட்டம் வேகமாகிறது. ஆங்கிலத்தில் இங்கே ஒரு ‘ரேன்’ சேர்க்கக் கை துறுதுறுக்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டிய இடம் அது.

இதற்கு முன்பு மூன்றாம் அத்தியாயத்தில், ஒனேகின் வாசலுக்கு வந்துவிட்டான் என்றதும் தத்யானா ‘ப்ரிக்’. காலம் கிடையாது, பால் விகுதி கிடையாது, வெறும் குதி. நம் ‘விசுக்’ மாதிரி, ஆனால் ‘என்று’ கூடத் தேவையில்லை. இதற்குச் சமமான ஆங்கிலச் சொல்லைத் தேடுவது வீண், வாக்கியத்தைத்தான் வெட்டிச் சுருக்க வேண்டும். அந்தக் காலத்துப் பத்திரிகைகள் ஐந்தாம் அத்தியாயத்தில் வரும் ‘ஹ்லோப்’ (கைதட்டல்), ‘தோப்’ (குளம்புச் சத்தம்) போன்ற வெட்டுச் சொற்களைக் கண்டித்தன. இவை அசல் ரஷ்யச் சொற்கள் என்று புஷ்கின் தன் குறிப்பிலேயே பதில் எழுதிவைத்தார். அவருக்கே எடிட்டர் தொல்லை இருந்திருக்கிறது, நான் எந்த மூலைக்கு.

கோப்பை மூடவில்லை. கரடிக்கு ‘லம்பர்’ (பாரமாக அசைந்து நடப்பது) போட்டுவிட்டேன், நன்றாகவே நடக்கிறது. முயலும் பரவாயில்லை. கிழவிதான் இன்னும் பாக்கி. நேற்று ராத்திரி ‘ஸ்கட்டில்’ என்று போட்டுப் பார்த்தேன். நண்டாகிவிட்டாள்.