நீண்ட கோடை விடுமுறை எங்கள் வீட்டில் இல்லை

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்க முடிவெடுத்த பெற்றோர்கூடப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு அட்டவணையை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. பாடநூலை மாற்றுகிறோம், நேரத்தை மாற்றுகிறோம், தேர்வையே தூக்கிப் போடுகிறோம். ஆனால் பத்து மாதம் மூச்சுமுட்டப் படிப்பு, இரண்டு மாதம் புத்தகத்தைத் தொடவே கூடாது என்கிற ஏற்பாடு மட்டும் அப்படியே தொடர்கிறது. எங்கள் வீட்டில் அதையும் விட்டுவிட்டோம். படிப்பும் ஆண்டு முழுவதும் நடக்கிறது, ஓய்வும் ஆண்டு முழுவதும் வருகிறது.

"பாவம், பிள்ளைகளுக்கு விடுமுறையே கிடையாதா?" என்று உடனே கேட்கிறார்கள். ஆண்டுக்கு 180 பாட நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 5 நாள் என்றால் 36 வாரத்தில் முடிந்துவிடும். ஆறு வாரம் பாடம், ஒரு வாரம் ஓய்வு என்று போனால் ஓய்வையும் சேர்த்து 42 வாரம் ஆகிறது. இன்னும் 10 வாரம் கையில் இருக்கிறது! பிள்ளைக்குக் காய்ச்சல், தாத்தாவுக்கு அறுவைச் சிகிச்சை, வீடு மாற்றம், கைக்குழந்தை, எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. விடுமுறை ஒரு நாள்கூடக் குறையவில்லை. ஓரிடத்தில் குவிந்து கிடந்ததைப் பரப்பி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

நீண்ட இடைவெளி என்ன செய்யும் என்பதை வகுத்தல் கணக்கில் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். 824-ஐ 8-ஆல் வகுக்கச் சொன்னால், இடைவெளிக்குப் பின் வரும் பிள்ளை தயங்காமல் 13 என்று எழுதும். எட்டை எட்டால் வகுக்கத் தெரிகிறது, 24-ஐ எட்டால் வகுக்கவும் தெரிகிறது. நடுவில் இருக்கிற 2-இல் 8 போகாது, அதனால் ஈவில் ஒரு சுழியம் போட வேண்டும் என்பது மட்டும் நழுவியிருக்கிறது. விடை 103. வாய்ப்பாடு மறக்கவில்லை, வகுத்தல் என்றால் என்ன என்பதும் மறக்கவில்லை. கைப்பழக்கமாக இருந்த ஒரு சிறு படிதான் போயிருக்கிறது. அதை மீட்க இரண்டு மூன்று நாள் போதும். ஆனால் "இது எனக்குத் தெரிந்திருந்ததே" என்று அந்த முகம் சுருங்குகிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. படிக்கிற பழக்கம் உள்ள பிள்ளைக்கு வாசிப்பில் இந்தச் சிக்கல் வருவதில்லை. கதைப் புத்தகத்துக்கு யாரும் விடுமுறை விடுவதில்லை அல்லவா?

மறதியைப் பற்றி ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இலேயே எழுதிவிட்டார். பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். ஒரே மூச்சில் படிப்பதைவிடப் பல நாட்களில் பிரித்துப் படிப்பது நிலைக்கும் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. மறந்ததை மறுபடி கற்க முதல் தடவை அளவு நேரம் ஆகாது என்பதும் அவர் கண்டதுதான். ஆகவே கோடையில் எல்லாம் அழிந்துபோகும் என்று பெற்றோரைப் பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் குழுவினர் 1996-இல் 39 ஆய்வுகளைத் தொகுத்து, கோடையில் ஏறத்தாழ ஒரு மாதப் படிப்பு பின்தங்குகிறது, கணக்கில் அது கூடுதல் என்றார்கள். பின்னர் பால் வான் ஹிப்பெல் போன்ற ஆய்வாளர்கள், பழைய தேர்வுகளில் மதிப்பெண்ணை அளந்த முறையே அந்த இழப்பைப் பெரிதாகக் காட்டியிருக்கலாம் என்று எடுத்துக்காட்டினார்கள். ஆண்டு முழுவதும் படித்தால் மதிப்பெண் கூடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். எனக்கு முக்கியம் வேறு: எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்கிற நிம்மதி. ஆண்டிறுதிக்குள் பாடத்தை முடித்தே தீர வேண்டும் என்ற ஓட்டம் இல்லாத வீட்டில், பின்னம் புரியாத பிள்ளையோடு இன்னும் பத்து நாள் பின்னத்திலேயே இருக்கலாம். யாரும் யாரையும் அதட்ட வேண்டியதில்லை.

நீண்ட கோடை விடுமுறை வயல் வேலைக்காக வந்தது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கிராமப் பள்ளிகள் விதைப்புக்கும் அறுவடைக்கும்தான் மூடப்பட்டன, கோடையில் நடந்தன. கோடையில் மூடியவை நகரப் பள்ளிகள். வெயிலும், வசதியுள்ள குடும்பங்கள் ஊரைவிட்டுப் போய்விடுவதும் அதற்குக் காரணங்கள். பிள்ளையின் மனம் எப்படிக் கற்கிறது என்று பார்த்து யாரும் வகுத்த அட்டவணை அல்ல அது.

ஒன்றை மட்டும் கோபத்தோடேயே சொல்கிறேன். "ஆண்டு முழுவதும்" என்றதும் 52 வாரத்தையும் பாடத்தால் நிரப்பி, அடுத்த வகுப்புப் பாடத்தை இப்போதே முடிக்கலாம் என்று கணக்குப் போடும் பெற்றோர் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முடிவே தெரியாத படிப்பு பிள்ளையை நசுக்கிவிடும். ஆறாவது வாரம் முடிகிற நாளில் நோட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். ஓய்வு வாரத்தில் "சும்மா ஒரே ஒரு கணக்கு" என்று கேட்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு தடவையாவது மூன்று வாரம் சேர்ந்தாற்போல் விடுங்கள். நீச்சல் பழகவும், மரத்தில் எதையாவது செய்துபார்க்கவும், சலித்துப்போய்ச் சும்மா கிடக்கவும் ஒரு வாரம் போதாது.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் விடுமுறையில் தெருவில் விளையாடும்போது நம் பிள்ளையை உள்ளே உட்கார வைப்பதும் கொடுமைதான். அந்த மாதங்களில் காலையில் அரைமணி நேரம் வாசிப்பும் நாலைந்து கணக்கும் போதும், பிறகு கதவைத் திறந்துவிடலாம். அப்படிக் குறைந்ததை அவர்கள் பள்ளிக்குத் திரும்பிய பிறகு ஈடுகட்டிக்கொள்ளலாம்.

பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் இந்த ஏற்பாடு அப்படியே செல்லுபடியாகாது. தேர்வுத் தேதி நம் கையில் இல்லை. அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் தேதியிலிருந்து பின்னோக்கி வாரங்களை எண்ணி, ஓய்வு வாரங்களை முதலில் குறித்துவிட்டு மிச்சத்தில் பாடத்தை வையுங்கள். ஓய்வை முதலிலேயே குறிக்காவிட்டால் பாடம் அதையும் விழுங்கிவிடும்.