முடிவை மாற்றியது சினிமா இல்லை

'ஜெயகாந்தனின் அக்கினிப் பிரவேசம் சிறுகதையில், ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளை அம்மா ஏற்றுக்கொள்கிறாள். சில நேரங்களில் சில மனிதர்கள் படத்தில் துணிச்சல் இல்லாமல் அதை மாற்றி, அந்தப் பெண் கங்காவை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார்கள்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. மாற்றியது ஜெயகாந்தனேதான், அதுவும் படம் வருவதற்குப் பல வருடம் முன்பே.

1966இல் ஆனந்த விகடனில் வந்த அந்தச் சிறுகதையில், அம்மா மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி 'நீ சுத்தமாயிட்டே' என்கிறாள். அதற்கு எழுந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. அப்புறம் அவர், அந்த அம்மா அலறி ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று யோசித்து எழுதிய நாவல்தான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அண்ணன் கங்காவை வெளியே தள்ளுவது அந்த நாவலிலேயே இருக்கிறது. முதல் சிறுகதையும் நாவலுக்குள் ஒரு கதையாக வருகிறது, கங்காவே அதைப் படிக்கிறாள். சாகித்ய அகாதமி விருது கிடைத்ததும் இந்த நாவலுக்குத்தான், 1972இல்.

இயக்குநர் ஏ. பீம்சிங் படமாக எடுத்தது நாவலை. திரைக்கதையும் ஜெயகாந்தனுடையது. கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம் அது. தயவுசெய்து அதைக் கோழைத்தனம் என்று சொல்லாதீர்கள். மன்னிக்கப்படாத ஒரு பெண்ணைக் கதாநாயகியாக்கிப் படம் முழுக்க அவளோடு நடக்க அன்றைக்கு எத்தனை பேர் முன்வந்தார்கள்?